ஒட்டு இடுவோரும் ஒப்புநோக்குவோரும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலையில் இலங்கைக் கரையோரத்தை மோதிய ஆழிப்பேரலை 30,000இற்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்து சென்றது. தப்பியோருள் இலட்சக்கணக்கானோர் வீடிழந்து பாடசாலைகளிலும் கோயில்களிலும் விகாரைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஒதுங்கினர். உணவும் மருந்தும் எவ்வளவு வேண்டியிருந்தனவோ அவ்வளவுக்குச் செய்தியும் அன்று வேண்டியிருந்தது. எந்த முகாமில் எத்தனை பேர் தங்கியுள்ளனர்? அவர்களுட் குழந்தைகள் எத்தனை பேர்? அலையிற் பிரிந்த மகன் வேறொரு முகாமிற் பதியப்பட்டிருக்கின்றானா? உதவி கொணர்ந்த நிறுவனங்களுள் எது எவ்வூரில் எதனைக் கொடுக்கின்றது? இவ்வினாக்களுக்குரிய விடைகள் தாள்களிலும் குறிப்பேடுகளிலும் சிதறிக் கிடந்தன.

கொழும்பிலிருந்த மென்பொருள் வல்லுநர் பலர் அலை ஓய்ந்த சில நாட்களுள் ஒன்றுகூடினர். லங்கா சொஃப்ற்வெயர் பவுண்டேசன் என்னும் அமைப்பின் துணையோடு, ஊதியம் கருதாது உழைத்து, அவர்கள் ஆக்கிய மென்பொருளுக்குச் 'சஹன' என்று பெயரிட்டனர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவையையும் கொடையையும் இணைக்கும் பகுதி என்பன அதன் உறுப்புகள். அரசாங்கத்தின் தேசியச் செயற்பாட்டு நிலையத்தில் அது பணிக்கு வந்தது. அத்துடன் அதன் கதை முடியவில்லை. 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோதும், 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்கு லெய்ற்றேயில் மலை சரிந்தபோதும், அதே ஆண்டு மே மாதத்தில் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நிலம் நடுங்கியபோதும் அதே மென்பொருள் எடுத்தாளப்பட்டது. சமூகநலத் திட்டங்களுக்கென வழங்கும் விருதினை 2006ஆம் ஆண்டுக்குக் கட்டற்ற மென்பொருள் மன்றம் அதற்கு அளித்தது.

கொழும்பிற் செய்ததொன்றைப் பாகிஸ்தானில் உள்ளோர் எவரிடமும் விலை பேசாமல், தங்கள் நாட்டுக்கேற்ப மாற்றிப் பயன்படுத்த முடிந்தது எங்ஙனம்? சஹன திறந்த மூல மென்பொருளாகப் பிறந்தது என்பதே விடை. அத்தகைய மென்பொருளை ஆக்குவதில் வெளியார் ஒருவர் பங்குகொள்வது எவ்வாறு, அப்பங்கினை ஏற்போர் யாவர், ஏற்பதில் உள்ள இடர் யாது என்பன கணினி கற்கும் இளைஞர் பலர் அறியாமலே அவாவிநிற்கும் செய்திகள்.

கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அதனை வல்லுநர் முதலில் மனிதர் வாசிக்கத்தக்க ஒரு மொழியில் எழுதுவர். அவ்வெழுத்து மூலநிரல் எனப்படும். பின்னர் அது பொறிக்கு மட்டும் விளங்கும் எண்தொடராக மாற்றப்படும். விலைக்கு விற்கப்படும் மென்பொருள்களிற் பல இந்த இரண்டாம் வடிவிலேயே வாங்குவோர் கையை அடைகின்றன. சமைத்த கறியை உண்ணலாம். இட்ட சரக்கு இன்னது, அளவு இன்னது என்று பிரித்தறிதல் அரிது. திறந்த மூல மென்பொருளோ கறியோடு செய்முறையையும் எழுதிக் கொடுத்து, 'வேண்டியவாறு மாற்றுக, மாற்றியதைப் பிறர்க்கும் வழங்குக' என்று உரிமமும் தருவது. இலவசம் என்பது அதன் பயன்களுள் ஒன்றேயன்றி அதன் இலக்கணமன்று.

இவ்வெண்ணம் ஓர் அச்சுப்பொறியிலிருந்து முளைத்ததாகச் சொல்லப்படும். ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் றிச்சட் ஸ்டோல்மன் என்பவர் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியிற் கடதாசி சிக்கும்போதெல்லாம், காத்திருப்போர்க்குச் செய்தி போகும் வண்ணம் அதன் நிரலை அவர் மாற்றியமைத்திருந்தார். 1980ஆம் ஆண்டளவில் செரொக்ஸ் நிறுவனத்தின் புதிய அச்சுப்பொறி வந்தது. அதிலும் கடதாசி சிக்கிற்று. மூலநிரல் மட்டும் உடன் வரவில்லை. அந்நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரிடம் ஸ்டோல்மன் நேரிற் சென்று கேட்டார். வெளியிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். சிறு நிகழ்ச்சிதான். எனினும், 1983 செப்ரெம்பரில் ஸ்டோல்மன் தொடங்கிய 'குனு' என்னும் பெருமுயற்சிக்கும், எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் நால்வகை உரிமையைச் சட்டமொழியிற் பொறித்த பொது உரிமத்துக்கும் பின்னணியில் நிற்பது அந்த மறுப்பே.

பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராயிருந்த லினஸ் தொர்வால்ட்ஸ் 1991 ஓகஸ்ட் 25ஆம் நாள், தாம் பொழுதுபோக்காக ஒரு பணிசெயல் முறைமையை எழுதிக்கொண்டிருப்பதாகவும், அதில் என்னென்ன வேண்டுமென்று பிறர் கருத்துரைக்கலாம் எனவும் அறிவித்தார். அடுத்த மாதம் வெளியான முதற் பதிப்பில் ஏறக்குறைய 10,000 வரிகளே இருந்தன. 1992இல் அதற்கும் ஸ்டோல்மனின் பொது உரிமம் வழங்கப்பட்டது. அதன்பின் பல நாட்டவரும் அதிற் கைவைத்தனர். லினக்ஸ் என்னும் அம்முறைமையின் கரு இப்போது 3 கோடி வரிகளைத் தாண்டியது. அன்ட்ரொயிட் வகைக் கைத்தொலைபேசி ஒவ்வொன்றின் உள்ளும் அதுவே இயங்குகின்றது. உலகின் மிக வேகமான 500 கணினிகளும் 2017 நவம்பர் முதல் அதனையே கொண்டுள்ளன. ஒன்பது பத்துக் கிழமைக்கு ஒருமுறை வெளிவரும் அதன் புதுப்பதிப்பு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2,000 பேரின் எழுத்து இடம்பெறும்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைக் களைதல் வேண்டும். எவரும் மாற்றலாம் என்றால் எவரும் எதனையும் மூலத்திற் செருகிவிடலாம் என்பது கருத்தன்று. தன் கணினியில் உள்ள படியைத் தன் விருப்பம்போல் மாற்ற எவர்க்கும் உரிமை உண்டு. ஆனால் உலகத்தார் எடுத்துச் செல்லும் பொதுப்படியிற் கைவைக்கச் சிலரே அதிகாரம் பெற்றவர். அவர்கள் பராமரிப்பாளர் எனப்படுவர். வெளியிலிருந்து வரும் மாற்றங்களை வரி வரியாக வாசித்து, ஓட்டிப் பார்த்து, தக்கவற்றை ஏற்று, தகாதவற்றைத் திருப்பியனுப்புவது அவர்கள் தொழில். பலர்க்கு அது தொழிலுமன்று; அலுவலகம் முடிந்து வீடு திரும்பியபின் செய்யும் ஊதியமில்லாப் பணி. கொடுக்க விரும்புவோர் ஆயிரவர் இருக்க, வாசித்து ஏற்பவர் இருவரோ ஒருவரோ என்னும் நிலையே பெரும்பாலும் காணப்படுகின்றது. ஆகலின், தன் எழுத்தை வாசிப்பவருக்கு வேலையைக் குறைப்பவனே நல்ல பங்காளி. ஏனைய விதிகள் யாவும் இதிலிருந்து கிளைப்பவை.

பங்களிக்க வேண்டுமென்ற ஆவலுடன் இளைஞர் பலர் முதலிலேயே பெருமாற்றமொன்றை எழுதி அனுப்பிவிட்டு, விடை வராமல் வருந்துகின்றனர். முறை வேறு. தான் நாளும் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுதல் நலம்; பயன்படுத்தாத ஒன்றின் குறை ஒருவனுக்கு உறுத்துவதில்லை. அதனோடு வரும் வழிகாட்டிக் குறிப்புகளை வாசித்து, பிறர் அனுப்பிய மாற்றங்கள் எவ்வாறு ஏற்கப்பட்டன, எவ்வாறு மறுக்கப்பட்டன என்பதைச் சில கிழமைகள் வாளா இருந்து கவனிக்கலாம். திட்டங்கள் பலவற்றிற் புதியோர்க்கு ஏற்றவை என அடையாளமிட்ட சிறு வேலைகள் தனியே தொகுக்கப்பட்டிருக்கும். பராமரிப்பாளர் தாமே கால் மணி நேரத்திற் செய்து முடிக்கத்தக்க அவற்றை, புதியவர் வாயிலைக் கண்டு உள்ளே வரட்டும் என்றே விட்டுவைக்கின்றனர்.

மென்பொருளிற் காணும் பிழையைத் தமிழ்க் கணினித்துறையார் 'வழு' என்பர். இலக்கண நூலார் சொல்லை எடுத்தாண்ட அவர்களைப் பாராட்டலாம். வழுவைக் கண்டு முறையாக அறிவிப்பதே ஒரு பங்களிப்பு. 'வேலை செய்யவில்லை' என்று எழுதுவது அறிவிப்பாகாது. எந்தப் பதிப்பு, எந்தப் பணிசெயல் முறைமை, என்ன செய்தபோது என்ன நேர்ந்தது, என்ன நேர்ந்திருக்க வேண்டும், மீண்டும் செய்தால் மீண்டும் நேர்கின்றதா என்பவற்றைக் கூறல் வேண்டும். மருத்துவரிடம் சென்று 'சுகமில்லை' என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொள்ளும் நோயாளியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஒரு வழுவை வேண்டும்போதெல்லாம் தோற்றுவிக்க வழி காட்டிவிட்டால், அதைத் தீர்க்கும் வேலையிற் பாதி முடிந்தது எனலாம். அதே வழுவை வேறொருவர் முன்னரே அறிவித்துள்ளாரா என்று தேடிப் பாராமல் அனுப்புவது, வாசிப்பவருக்கு இரட்டை வேலை வைப்பது.

அடுத்தது மாற்றத்தைத் தானே எழுதி அனுப்புவது. கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது போன்றதாகலின் அதற்கும் ஆங்கிலத்தில் ஒட்டு என்றே பெயர். பழங்காலக் கணினிகள் துளையிட்ட கடதாசி நாடாவை வாசித்து இயங்கின. தவறான துளையின் மீது உண்மையாகவே கடதாசித் துண்டை ஒட்டித் திருத்தினர். இன்று ஒட்டு என்பது, இன்ன கோப்பில் இன்ன வரியை நீக்கி இன்ன வரியைச் சேர்க்க என்று காட்டும் ஒரு பட்டியல். அதைத் தயாரிக்கவும் சேர்க்கவும், பழைய நிலைக்கு மீளவும் உதவும் 'கிற்' என்னும் கருவியையும் தொர்வால்ட்ஸே 2005 ஏப்ரிலில் எழுதத் தொடங்கினார். அதுவரை லினக்ஸ் குழுவினர் பயன்படுத்திய வேறொரு கருவியின் இலவச அனுமதியை அதன் உரிமையாளர் மீட்டுக்கொண்டதே காரணம்.

லினக்ஸ் குழுவினர் ஒட்டுக்கு வகுத்த விதிகள் கண்டிப்பானவை. ஓர் ஒட்டு ஒரு மாற்றத்தையே செய்தல் வேண்டும். ஒரு வழுவைத் திருத்தப் புகுந்தவர் அருகிலுள்ள வரிகளின் அழகையும் செப்பனிட்டு இரண்டையும் ஒன்றாக அனுப்பினால் திருப்பியனுப்புவர். ஏனெனில் வாசிப்பவர் எது திருத்தம், எது அலங்காரம் என்று பிரித்தறிய நேரம் செலவிட வேண்டியிருக்கும். வரித் தொடக்கத்தில் விடும் வெளி எட்டு எழுத்தளவு இருத்தல் வேண்டுமென்பது போன்ற நுண்விதிகளும் உள. அவை அற்பமானவை என்று புதியோர் முகஞ்சுளிப்பதுண்டு. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்து ஒரே கையெழுத்தாகத் தோன்றினாலன்றி வாசிப்பவர் கண் வழுவைக் காணாது என்பதை அவர்கள் நாளடைவில் உணர்வர்.

ஒட்டின் தலைப்பில் எழுதும் விளக்கமே நிரலினும் முதன்மையானது என்று சொன்னாற் கணினி மாணவர் வியப்படைவர். என்ன மாற்றப்பட்டது என்பதை நிரலே காட்டும். ஏன் மாற்றப்பட்டது என்பதை எழுதினவர் சொன்னாலன்றி எவரும் அறியார். பத்தாண்டு கழித்து அவ்வரியை அழிக்கலாமா என்று தயங்கும் வேறொருவருக்கு அவ்விளக்கமே துணை. உரைநடையைத் தெளிவாக எழுதத் தெரிந்தவர், சிறந்த நிரலாளர் அல்லராயினும், இத்துறையில் மதிப்புப் பெறுவது இதனாலேயே.

விளக்கத்தின் அடியிற் கையொப்ப வரி ஒன்று வரும். அதற்கொரு வரலாறு உண்டு. 2003இல் எஸ்.சி.ஓ. என்னும் நிறுவனம், தன் உடைமையான நிரல் லினக்ஸிற் களவாகப் புகுந்துள்ளதாகக் கூறி ஐ.பி.எம். நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. எந்த வரி எவர் வழியாக வந்தது என்று காட்ட முறையான பதிவு வேண்டுமென்பது அப்போது புலனாயிற்று. 2004 முதல், 'இதனை அளிக்க எனக்கு உரிமை உண்டு' என்று ஒட்டு அனுப்புவோர் ஒவ்வொருவரும் பெயரிட்டு உறுதி கூறுகின்றனர். அதனை ஏற்று மேலே அனுப்பும் பராமரிப்பாளரும் தம் பெயரைச் சேர்க்கின்றார். வழுவை அறிவித்தவர், ஒட்டினை வாசித்தவர், சோதித்தவர் பெயர்களும் இடம்பெறும். தொழில் நிறுவனத்திற் பணிபுரிவோர், அலுவலக நேரத்தில் எழுதியதை நிறுவனத்தின் இசைவின்றி அனுப்பலாகாது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

அனுப்பிய ஒட்டுக்கு உடனே புகழுரை வரும் என்று எதிர்பார்த்தல் கூடாது. முதலில் மௌனம் வரும். ஒரு கிழமையேனும் பொறுத்தே நினைவூட்டுதல் முறை. பின்னர்க் குறைகள் வரும். 'இவ்வரி ஏன்? இவ்வெண் எதிர்மறையானால் என்னாகும்?' என்று கேள்விகள் வரியிடையில் எழுதி வரும். ஒவ்வொன்றுக்கும் விடை எழுதி, ஒட்டினைத் திருத்தி, இரண்டாம் வடிவம் எனக் குறித்து, முன்னைய வடிவிலிருந்து என்ன வேறுபாடு என்பதையும் சொல்லி மீண்டும் அனுப்ப வேண்டும். ஐந்தாம் ஆறாம் வடிவிலே ஏற்கப்படும் ஒட்டுகள் அருமையல்ல. லினக்ஸ் குழுவிற் குறை கூறும் மொழி சிலகாலம் மிகக் கடுமையாகவே இருந்தது. 2018இல் தொர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொல்லுக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சிலகாலம் ஒதுங்கியிருந்தார். குறை நிரலின் மேலதேயன்றி ஆளின் மேலதன்று என்று கொள்ளும் மனம் வாய்த்தவர் இக்கல்வியாற் பெறுவது மிகுதி.

நிரல் எழுதத் தெரியாதவர்க்கும் இங்கு இடமுண்டு. விளக்க நூல்களைத் திருத்துதல், புதுப்பதிப்பைச் சோதித்தல், திரையிலே தோன்றும் சொற்களை மொழிபெயர்த்தல் ஆகியவற்றுக்கு ஆள் எப்போதும் வேண்டும். லிப்ரே ஒஃபிஸ், பயர்பொக்ஸ் போன்றவற்றைத் தமிழ்த் திரையோடு பயன்படுத்த முடிவது அத்தகையோர் உழைப்பினாலேயே. இதனை எளிய பணி என்று எண்ணலாகாது. ஆங்கிலத் தொடரை எழுதும் நிரலாளர், கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஓர் இடங்குறியை வைத்துவிடுகின்றார். 'அழி' என்னும் வினைக்குப் பின் பெயர் வருவது ஆங்கில முறை. தமிழில் வினை இறுதியில் நிற்கும். பெயரோடு வேற்றுமையுருபும் ஒட்டும். மொழிபெயர்ப்பாளர் இடங்குறியை அடுத்து 'ஐ' என்று மட்டும் எழுதிவிட்டால், கடிதம் என்னும் கோப்பை அழிக்கும்போது திரையில் 'கடிதம்ஐ அழிக்கவா?' என்று தோன்றும். 'கடிதம் என்பதை அழிக்கவா?' என்று வரும்படி அமைத்தவர் இலக்கணமும் அறிந்தவர், பொறியின் இயல்பும் அறிந்தவர்.

இன்னும் சில நிரலாளர் வாக்கியத்தைத் துண்டு துண்டாக எழுதி, இயங்கும்போது ஒட்டவைப்பர். ஆங்கிலத்தில் அது பொருந்தும். தமிழில் எவ்வளவு திறமையாக மொழிபெயர்த்தாலும் வாக்கியம் தலைகீழாகும். அந்நிலையில் மொழிபெயர்ப்பாளர் மனம்போனபடி எதையோ எழுதி ஒப்பேற்றாமல், 'வாக்கியத்தை முழுமையாகத் தருக' என்று மூலநிரலின் பராமரிப்பாளருக்கே வழு அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பாற் பயன் பெறுவது தமிழ் மட்டுமன்று. வினை இறுதியில் வரும் யப்பானியம், கொரியம், துருக்கியம் முதலிய மொழியாரும் பயன் பெறுவர். சொல் தெரிவிலும் பூசல் உண்டு. ஈழத்தார் பணிசெயல் முறைமை என்பதைத் தமிழகத்தார் இயங்குதளம் என்பர். இங்கு இறுவட்டு, அங்கு குறுவட்டு. ஒரே மென்பொருளின் ஒரு திரையில் ஒன்றும் மறுதிரையில் மற்றொன்றுமாக வருதல் பயன்படுத்துவோரைக் குழப்பும். முன்னையோர் ஆண்ட சொற்பட்டியலை முதலிற் படித்து, மாற்ற வேண்டின் அவர்களோடு கலந்தே மாற்றுதல் தகும்.

வாசித்து ஏற்பவர் கண் தவறினால் நேர்வது யாது என்பதற்கு 2014இல் உலகம் கண்ட சான்று ஒன்றுண்டு. வங்கிக் கணக்கு முதலியவற்றை இணையத்தில் இரகசியமாக அனுப்ப உதவும் ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் திறந்த மூல மென்பொருளில், புதிய வசதி ஒன்று 2011ஆம் ஆண்டின் இறுதி நாளன்று சேர்க்கப்பட்டது. எழுதினவர் நல்லெண்ணமுடையவர், வாசித்தவர் அனுபவமுடையவர். ஆயினும் ஒரு சிறு சரிபார்த்தல் விடுபட்டதை இருவருமே காணவில்லை. ஒருவன் களஞ்சியத்தில் ஒரு கொத்து நெல்லைக் கொடுத்து, அறுபத்துநான்கு கொத்து என்று பதிவித்து, மறுநாள் வந்து அறுபத்துநான்கையும் அளந்து பெற்றுச் செல்வதை ஒத்தது அவ்வழு. தான் அனுப்பிய சொல்லின் நீளத்தைப் பொய்யாகக் கூறும் ஒருவனுக்கு, பொறி தன் நினைவகத்தில் அடுத்திருந்த பிறர் இரகசியங்களையும் சேர்த்து அளந்து கொடுத்தது.

2012 மார்ச்சில் வெளியான பதிப்போடு பரவிய அவ்வழு 2014 ஏப்ரில் வரை எவர் கண்ணிலும் படவில்லை. மூலநிரல் திறந்திருந்தது உண்மையே. திறந்திருக்கும் நூலை வாசிப்போர் இருத்தலும் வேண்டுமன்றோ? உலக வணிகத்தின் பெரும்பகுதி சார்ந்திருந்த அம்மென்பொருளில் முழுநேரமாகப் பணிபுரிந்தவர் அப்போது ஒருவரே என்பதும், அதற்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டொலரே என்பதும் பின்னரே வெளியாயின. பெருநிறுவனங்கள் வெட்கி, இத்தகைய திட்டங்களுக்குப் பொருளுதவி செய்யக் கூட்டு நிதியொன்றை அமைத்தன. புதியதை எழுதுவதினும் பிறர் எழுதியதை ஊன்றிப் படித்து, 'இங்கே நீளம் சரிபார்க்கப்படவில்லை' என்று ஒரு வரி எழுதுவது எத்துணைப் பெரிய கொடை என்பதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நல்லெண்ணத்தோடு நேர்ந்த தவறு அது. பத்தாண்டு கழித்து நேர்ந்ததோ வேறு வகை. கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் 'எக்ஸ்.இசட்.' என்னும் சிறு மென்பொருளைப் பின்லாந்தைச் சேர்ந்த லாசே கொலின் என்பவர் பல்லாண்டு ஏறக்குறையத் தனியாகவே பராமரித்து வந்தார். லினக்ஸ் கணினி எதிலும் இருக்கும் கருவி அது. 2021 அளவில் ஜியா டான் என்னும் பெயருடைய ஒருவர் ஒட்டுகள் அனுப்பத் தொடங்கினார். அவை சிறியனவாகவும் முறையானவையாகவும் இருந்தன. அடுத்த ஆண்டில், முன்னர் எவரும் கேள்விப்படாத சில பெயர்களிலிருந்து கொலினுக்கு முறைப்பாடுகள் வந்தன: ஒட்டுகள் தேங்கிக் கிடக்கின்றன, பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தல் ஆகாதா என்று. தாம் நெடுநாளாக மனநலம் குன்றியிருப்பதையும், இஃது ஊதியமற்ற பொழுதுபோக்குப் பணி என்பதையும் கொலின் 2022 யூனில் எழுதி விளக்க நேர்ந்தது. களைத்திருந்தவருக்கு ஜியா டான் கைகொடுக்க வந்தவராகவே தோன்றினார். படிப்படியாக அவரும் பராமரிப்பாளராயினார்.

2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அவர் வெளியிட்ட இரு பதிப்புகளிற் கள்ளவாயில் ஒன்று மறைந்திருந்தது. அதனை அவர் வாசிக்கத்தக்க மூலநிரலில் வைக்கவில்லை. சோதனைக்கென வைக்கும் மாதிரிக் கோப்புகளுள்ளே சுருட்டி வைத்து, அதனை விரித்தெடுக்கும் வரிகளை வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்த்திருந்தார். பொதுப்படியை வாசித்தவருக்கு அது முழுமையாகத் தெரிய வழியில்லை. தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் புகும் காவல் வாயிலின் திறவுகோலை அந்நியர் கையிற் கொடுப்பதே அதன் நோக்கம். டெபியன், ஃபெடோரா முதலிய தொகுப்புகளின் சோதனைப் பதிப்புகளுள் அது நுழைந்தும்விட்டது. எங்கும் பயன்படும் நிலைப்பதிப்புகளைச் சேரச் சில வாரங்களோ மாதங்களோ இருந்தன.

அதனைக் கண்டவர் அந்திரேஸ் ஃபிராய்ன்ட் என்னும் தரவுத்தள நிரலாளர். எக்ஸ்.இசட். மென்பொருளோடு அவருக்குத் தொடர்பில்லை. தம் வேலைக்காகக் கணினியின் வேகத்தை நுணுக்கமாக அளந்துகொண்டிருந்தபோது, தொலைவாயில் திறக்க முன்னர் 0.3 வினாடி ஆனது இப்போது 0.8 வினாடி ஆகின்றதே என்று கவனித்தார். அரை வினாடிதான். மற்றொருவர் தோளைக் குலுக்கிவிட்டு அப்பாற் சென்றிருப்பார். அவர் ஏன் என்று கேட்டு, ஓரிழையைப் பற்றி மறுஇழைக்குப் போய், எக்ஸ்.இசட். வரை சென்று சேர்ந்தார். முதலில் தொகுப்பாளர்களின் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு இரகசியமாகத் தெரிவித்து, 2024 மார்ச் 29ஆம் நாள் உலகறிய வெளியிட்டார். எந்தப் பதிப்பு, எந்த முறைமை, என்ன அளவு, எவ்வாறு மீண்டும் காணலாம் என்பன யாவும் அவ்வறிவிப்பில் ஒழுங்காக இருந்தன. வழு அறிவிப்பது எப்படி என்று மாணவர்க்குக் காட்ட அதனினும் சிறந்த மாதிரி கிடைப்பது அரிது.

ஒரு சில மணி நேரத்துள் தொகுப்பாளர்கள் அவ்விரு பதிப்புகளையும் மீளப் பெற்றனர். ஜியா டான் என்னும் பெயர் அன்றோடு மறைந்தது. அப்பெயருக்குப் பின்னிருந்தவர் ஒருவரா பலரா என்பதும் வெளிப்படவில்லை. பெயரிட்டுக் கையொப்பமிடும் முறையும், ஒன்றுக்கு இருவர் வாசிக்கும் முறையும், பராமரிப்பாளரை ஊதியமும் துணையுமின்றி விடலாகாது என்னும் பேச்சும் அதன்பின் வலுப்பெற்றன. அந்நாட்களில் பலர் கொலினுக்கு உதவ முன்வந்தனர். அவர் தாமே திரும்பிவந்து, ஜியா டான் சேர்த்த மாற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் வாசித்து, கள்ளவாயிலை நீக்கி, 2024 மே 29ஆம் நாள் 5.6.2 என்னும் பதிப்பினை வெளியிட்டார்.